சுற்றவாளி என்று சொல்லச் சொன்னேன்

பாலைப்பழக் காலத்தில்தான் அவரைப் பிடித்தார்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, தர்மபுரத்தில் காடு வெட்டிக் காணியாக்கிய ஆள். சண்டை துரத்த, மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக வவுனியாவில் நலன்புரி முகாமொன்றுக்கு வந்து சேர்ந்திருந்தார். நான் ஏ.எல். சோதனை முடித்துவிட்டு அந்த முகாமில் சம்பளமில்லாமல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவரின் பிள்ளைகள் இரண்டு பேரும் என் வகுப்பு.

பிள்ளைகளுக்குப் பழம் பொறுக்கக் காட்டுக்குள் போனவர், அங்கே களவாக மரம் தறித்துக்கொண்டிருந்த முகாம் ஆட்கள் மூன்று பேரோடு சேர்ந்து பொலிஸிடம் பிடிபட்டார். அவர்களிடம் கோடரி. இவரிடம் ஒரு உரப்பை, அடியில் கொஞ்சம் பழம். சான்றுப்பொருள் பட்டியலில் கோடரியை எழுதினார்கள், பழத்தை எழுதவில்லை.

கேள்விப்பட்டதும் அவர் மனைவியோடு நீதிமன்றத்துக்கு ஓடினேன். எனக்குச் சட்டம் தெரியும் என்ற நினைப்பு. கம்பிக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தேன்.

"செய்யாததை ஒத்துக்கொள்ளாதேங்கோ. சுற்றவாளி எண்டு சொல்லுங்கோ. குற்றம் செய்யேல்லை எண்டு அர்த்தம்."

"சரிங்க டீச்சர்" என்றார்.

மரம் வெட்டிய மூன்று பேரும் குற்றவாளி என்றார்கள். தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முகாமுக்குப் போய்விட்டார்கள். இவர் சுற்றவாளி என்றார். நீதவான் கடுமையான ஆளில்லை, உடனேயே பிணை கொடுத்தார். நான் அவர் மனைவியின் கையைப் பிடித்து, "வந்திடுவார் அக்கா" என்றேன்.

பிறகுதான் விளங்கியது. இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும், இருவரும் வவுனியாவின் நிரந்தர வாசிகளாக இருக்க வேண்டும், கிராம சேவகரின் கடிதம் வேண்டும். முகாம் நிறையச் சனம், நிரந்தரம் ஒருவருக்கும் இல்லை.

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற முதலியாரிடம் போய், நான் நிற்கிறேன் என்று, டவுனில் தங்குவதற்குத் தந்திருந்த என் பாஸை நீட்டினேன். நாங்களும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள்தானே. டவுனில் வாடகை அறை, மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கிற பாஸ். அவர் அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"பிள்ளை, நீர் இஞ்சை இருக்கிறதுக்கே இன்னொராள் பொறுப்பு நிண்டு கையெழுத்து வைச்சிருக்கு. நீர் என்னண்டு மற்றாளுக்கு நிப்பீர்?"

அந்தக் கையெழுத்தை வைத்தவர் எங்கள் வீட்டுக்காரர். அவரிடமும் கேட்டேன். உங்களுக்கு வைத்ததே காணும், முகாம் ஆளுக்கு வைத்தால் நாளைக்கு என்னையும் தேடி வருவார்கள் என்றார். சைக்கிளில் இன்னும் எத்தனையோ படலைகளைத் தட்டினேன். நல்ல தேத்தண்ணி கிடைத்தது.

பிணைக்கு ஆளில்லாததால் பதினாலு நாள் விளக்கமறியல், அடுத்த தவணை வரைக்கும் சிறைக்குள். பிறகு இன்னொரு பதினாலு. அதற்கிடையில் முகாமில் வரவு எடுத்தபோது ஆள் இல்லையென்று அவரின் நிவாரணப் பங்கை வெட்டிவிட்டார்கள். மறியலில் இருக்கிறார் என்று போய்ச் சொன்னேன். பெயர் பதிகிறவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முகாமில் இல்லைத்தானே என்றார். அரசாங்கம் ஒரு கையால் பூட்டி வைத்திருக்கிற ஆளை மற்றக் கையால் காணவில்லை என்று எழுதுகிறது.

தண்ணீர்க் குழாயடியில் அந்த மூன்று பேரில் ஒருவர் அக்காவைப் பகிடி பண்ணினார்.

"அண்ணன் ஒரு மரமாச்சும் வெட்டியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பாரே!"

அக்காவும் சிரித்துவிட்டா. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனேன்.

மூன்றாவது பதினாலும் முடிந்து வந்த வழக்குத் தவணையில் கம்பிக்குப் பின்னால் அவரைப் பார்த்தபோது விரலிடுக்கெல்லாம் சொறி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டீச்சர், நான் வெட்டினேன்னு சொல்லிரட்டுமா?"

எனக்கு எத்தனையோ நியாயம் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தன. பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

"சொல்லுங்கோ" என்றேன்.

ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. குற்றவாளி என்றார். மற்றவர்களுக்குப் போட்ட அதே தண்டம். அக்கா கட்டினா, ஆளை விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. முதலியாரிடம் போய், அவர் உள்ளே இருந்த நாற்பத்திரண்டு நாளையும் தண்டனையில் கழிக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

அவர் வழக்குக் கோவையை நாடாவால் கட்டிக்கொண்டே சொன்னார்.

"அது தண்டனை இல்லைப் பிள்ளை. சும்மா வைச்சிருந்தது."

நான் வெளியே வந்தபோது அவர்கள் எனக்காகக் காத்து நிற்கவில்லை. நாலு மணிக்கு முன்னம் போய்க் கையெழுத்து வைத்தால்தான் நிவாரணப் பட்டியலில் அவரின் பெயரைத் திரும்பச் சேர்ப்பார்களாம். வெயிலுக்குள் இரண்டு பேரும் முகாம் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.