சித்தி இருக்கும் குழு

என் தங்கைக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. அம்மா, சித்தி, நான், அவள் என்று நான்கு பேர் மட்டும் இருந்த கைப்பேசிக் குழுவில்தான் அதைச் சொன்னாள். வாய் திறந்து பேசத் தெம்பில்லை, யாரும் கூப்பிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள்.

சில நாள் கழித்து அவள் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வந்து கையைப் பிடித்து, "கவலைப்படாதம்மா, அடுத்தது நல்லபடியா தங்கும்" என்றாராம். எடுத்த கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு, ரயில் பிடித்து, சுவா சூ காங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சோபாவில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

விசாரித்ததில் தெரிந்தது. எல்லோரும் வேண்டிக்கொள்ளட்டும் என்று சித்தி அந்தச் செய்தியைத் தன் கோயில் தோழிகளுக்கு அனுப்பியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் பத்திரமான செயலி ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அது எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை. செய்திகள் பல ஊர்களில் பலர் நடத்தும் கணினிகள் வழியாக, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டியே போய்ச் சேரும். தொலைபேசி எண் கேட்காது. நேரில் பார்த்து, ஒருவர் திரையில் தெரியும் கியூஆர் சதுரத்தை மற்றவர் ஸ்கேன் செய்து சேரலாம். அம்மாவுக்கு அன்றே போட்டுக்கொடுத்தேன்.

தங்கையிடம் காட்டியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இதுலயும் வர்ற மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருத்தருக்கு அனுப்பலாம்லா, அக்கா?"

"அனுப்பலாம்தான்" என்றேன். "அதான் சித்தியைச் சேர்க்கலையே."

அவள் தன் கைப்பேசியை நீட்டினாள், அதிலும் போட்டுக்கொடுத்தேன். செயலி நடத்தும் கம்பெனிக்காரன் படிப்பதைப் பற்றி அவள் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைச் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னது தங்கைதான். என்னையும் கூட்டிப்போனாள். சண்டை வரும் என்று பயந்துகொண்டேதான் போனேன். தோசை வந்தது. தங்கை குரலை உயர்த்தாமல், சந்தையில் நடந்ததைச் சொன்னாள்.

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் கெட்டதுக்கா செஞ்சேன்? உனக்காகத்தானே வேண்டிக்கச் சொன்னேன்."

"தெரியும் சித்தி. ஆனா அது என் விஷயம். யாருக்குச் சொல்லணும்னு நான்தான் சொல்லணும்."

சித்தி தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், வாயில் போடவில்லை. பிறகு, "என்னை விட்டுட்டு வேற குரூப் வச்சிருக்கீங்களாமே. உங்கம்மா சொன்னா" என்றார்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. தங்கை தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அதுல சேர்க்கத்தான் உங்களை வரச் சொன்னேன். போனைக் கொடுங்க."

திரை ஒளி பத்தாமல் ஸ்கேன் இரண்டு தடவை தவறியது. பணியாளர் சட்னி வாளியோடு வந்து, எங்கள் தலைகள் மேசைக்கு மேல் ஒட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப்போனார். சேர்ந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "இதுல குட் மார்னிங் பூ அனுப்பலாமா?" அன்றைக்குத்தான் தங்கை மறுபடி சிரித்ததைப் பார்த்தேன்.

இப்போதும் அந்தக் குழுவில் பேச்சு குறைவுதான். சில நாள் செய்தி தாமதமாக வரும். யாரிடம் புகார் சொல்வது என்று அம்மா கேட்பார், எனக்கும் தெரியாது. போன மாதம் தங்கை தான் சுட்ட கேக் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தாள், ஒரு பக்கம் கருகியிருந்தது. கீழே சித்தி எழுதியிருந்தார்: "இதைக் கோயில் ஃபிரண்டுக்குக் காட்டலாமாம்மா?"

வேண்டாம் என்று எழுதினாள் தங்கை. சரி என்று சித்தி விட்டுவிட்டார்.