பேருந்தில் கேட்ட வரிக்கணக்கு

இன்று காலை கோரிமேடு பேருந்தில் என் பக்கத்தில் குருசுக்குப்பத்து மீன்கார அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். விதவை பென்ஷன் வந்துவிட்டது, எண்ணெய் விற்கிற விலைக்கு அது பத்தாது என்று போனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்சீட்டு இஸ்திரிச் சட்டைக்காரர் திரும்பினார். "எங்க வரிப்பணத்த எடுத்து இப்படி சும்மா குடுத்தா கவர்மெண்டு என்னாத்துக்கு ஆவும்?"

அக்கா போனை இடுப்பில் செருகினார். குரல் ஏறவில்லை.

"சும்மா இல்லப்பா. எங்க வூட்டுக்காரரு முப்பது வருசம் சாராயக்கடையில வரி கட்டுனாரு. ஒருநாள் தவறுனதில்ல. அதுலயே போயும் சேந்துட்டாரு. அவரு கட்டுனதுல கொஞ்சத்த மாசாமாசம் நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

நடத்துநர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். சட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம் ஊர் கஜானா எதில் ஓடுகிறது என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அது சரி, உங்கள் வீட்டில் யார் பெரிய வரிதாரர்?