சவரிமுத்து கம்பவுண்டர் குடித்த தண்ணீர்

போன வாரம் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் பீன்ஸ் ஏற்றி வந்த லாரி டிரைவர்தான் சொன்னார், கம்பவுண்டர் சவரிமுத்து காலமாகிவிட்டார் என்று. மலையில் வடகவுஞ்சிக்குக் கீழே ஒற்றையடிப் பாதையில் வலது கால் மடங்கி உருண்டுவிட்டாராம். தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தக் கால் எப்படிப் பழுதானது என்று அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு நான் காரணம் என்பது தெரியாது.

அப்போது நான் அந்தப் பக்கத்துச் சாலை வேலைக்கு ஓவர்சியர். கல் உடைக்க வறண்ட சீமையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தோம். ஓடைக்கு நடந்து தண்ணீர் சுமந்த ஊர்ப் பெண்களுக்காக, ஊற்றைத் தோண்டிப் படிக்கட்டு வைத்து ஒரு கிணறு கட்டிக் கொடுத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் படிகளை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினேன். கல் உடைக்கும் ஆட்கள் சாயங்காலம் புண் காலோடு இறங்கி அங்கே நின்று கழுவுவார்கள். யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை.

ஓராண்டு கழிந்தது. ஆட்கள் ஊர் திரும்பியும் விட்டார்கள். சித்திரையில் ஊராருக்குக் காலில் கொப்புளம் கிளம்பியது. உடைந்தால் வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். நரம்புச் சிலந்தி. அது கீழ்நாட்டு நோய், மலைக் குளிருக்கு ஏறாது என்று நான் அடித்துச் சொன்னேன். சவரிமுத்து வாதாடவில்லை. வீடு வீடாகப் போய், போன வருஷம் எங்கே தண்ணீர் எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஓடைத் தண்ணீரே போதும் என்றிருந்த வீடுகளில் ஒருவருக்கும் இல்லை.

"படியில நின்னு கழுவுனவங்க புண்ணுலேர்ந்து புழுக் குஞ்சு தண்ணியில எறங்கியிருக்கு. போன சித்திரையில குடிச்சது இந்தச் சித்திரையில வெளிய வருதுங்க. படிய இடிச்சிருவோம் சார்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இடிக்கப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். அந்தப் பத்து நாளில் குடித்தவர்களுக்கு அடுத்த சித்திரையில் வந்தது.

புழுவைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை இழுப்பார். "வெரசா இழுத்தா அறுந்துரும். அறுந்தா உள்ளேயே அழுகிரும்" என்பார். நோயாளியை நடக்க விடமாட்டார். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். முதல் சித்திரையிலேயே அவருடைய வலது முழங்காலுக்குக் கீழேயும் ஒன்று கிளம்பியது. குச்சியைக் காலோடு கட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தார். புழு அறுந்தது. சீழ் வைத்தது. முழங்காலில் பலம் போயிற்று.

அவர் குடியிருந்தது அந்த ஊரில் அல்ல, செண்பகனூரில். அந்தக் கிணற்றில் அவர் குடித்தது ஒரே ஒரு முறை. கிணறு கட்டி ஒரு மாதம் ஆகியிருந்த கோடையில், மருந்து கொடுக்க வந்தவரை வற்புறுத்திப் படிக்கு அழைத்துப்போய், நானே செம்பில் மொண்டு கொடுத்தேன்.

கட்டுப் போட்ட காலோடு அவர் பெஞ்சில் கிடந்தபோது, இதை ஊராரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஊர் ஏற்கெனவே உங்கள்மேல் கோபமாக இருக்கிறது, இதுவும் தெரிந்தால் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லும் உங்கள் பேச்சை யார் கேட்பார்கள் என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு எனக்குத் தாகமாத்தான் இருந்துச்சு சார். தீந்துச்சு" என்றார்.

அதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான். சொல்ல வேண்டாம் என்று தடுக்க இன்று அவர் இல்லை. சொல்லிவிட்டேன்.