முனியாண்டிக்கு நேர்ந்த கிடா

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தரும் பசியோடு படுத்ததில்லை. எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். இது என் மூத்தவளின் சின்ன வயதுக் கதை. அவளுக்கே பாதிதான் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலாக்காவில் மெர்லிமாவ் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலைக்கு இருந்தோம். மூத்தவளுக்கு ஒன்பது வயது. கடைக்குட்டி பிறந்த பத்தாம் நாள் எனக்குப் புத்தி தடுமாறியது. தூக்கம் போனது. பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பால் கொடுக்க மறுத்தேன். இரண்டு தடவை கிணற்றுப் பக்கம் ஓடினேனாம்.

பேய் என்றார்கள். வேப்பிலை அடிக்கக் கோயில் பூசாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது என் வேலை இல்ல லா. டாக்டர் வேலை. இன்னிக்கே கொண்டு போ."

மலாக்கா டவுனில் மனநோய் பார்க்கும் டாக்டர் இருந்தார். ஊசிக்கும் மாத்திரைக்கும் கையில் காசு வேண்டும். சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

திருவிழாவுக்காக முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா பூசாரி வீட்டுக் கொல்லையில் நின்றது. தினமும் அதற்குப் பலா இலை போட்டு வளர்த்தவள் என் மூத்தவள். அன்று மத்தியானம் கிடாவைக் காணோம். கயிறு அறுந்து செம்பனைக் காட்டுக்குள் ஓடிவிட்டது என்றார் பூசாரி. மூத்தவள் காலெல்லாம் முள் கிழிக்கப் பொழுது சாயும்வரை தேடினாள். அதற்கப்புறம் அவரைக் கண்டால் விடமாட்டாள்.

"தாத்தா, வேட்டியக் கெட்டியா புடிங்க, அதுவும் ஓடிடப் போவுது!"

லயத்து வீட்டு வரிசையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கிடாவைக் கறிக்கடைக்காரருக்கு விற்று, காசை என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் திணித்தவரே அவர்தான். "முனியாண்டிக்குப் பசிச்சா என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. இவளுக்குப் பைத்தியம்னு பேர் வெச்சிருவானுங்க."

மருந்தில் நான் தேறிய பிறகு வந்த திருவிழாவில் கிடாவுக்குப் பதில் பூசணிக்காய் வெட்டினார்கள். நேர்ந்த கிடாவைத் தொலைத்தவர் என்று கோயில் மணியை அவர் கையில் கொடுக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் கைகட்டி நின்றார். நான் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அப்படி ஒரு பெரிய மனுஷனை அப்புறம் நான் பார்க்கவில்லை.

அவரும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. இனி எனக்கு என்ன வெட்கம்? கிடா காட்டுக்குள் எங்கோ மேய்கிறது என்றே மூத்தவள் ரொம்ப நாள் நம்பினாள். தான் போட்ட பலா இலைதான் அம்மாவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது என்று அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

பேத்தி, இங்க வாம்மா. எழுதினது சரியா இருக்கான்னு படிச்சுக் காட்டு. சத்தமாவே படி. என் மூத்தவ, உங்கம்மா, அடுப்படியிலதான் இருக்கா.