பட்டியலில் இல்லாத பக்கம்

மும்பை செம்பூரில் எங்கள் அலுவலகத்தின் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. எங்கள் கம்பெனியின் இணையதளங்களை மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்று அதில் தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தவள் நான். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் என் இருக்கைக்குப் போகிறேன்.

நாங்கள் மருத்துவக் காப்பீடு விற்கிறவர்கள். நான் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. மற்றவர்கள் கட்டிய பக்கங்களைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் ‘பக்’. இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவளுக்குத் தன் வேலையிலும் குற்றம் இருக்கலாம் என்று தோன்றுவதில்லை. மாட்டுங்கா வீட்டிலிருந்து நடந்து வந்து கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, செம்பூர் போய்ச் சேருவதற்குள் அன்றைக்கு யாரை எதற்குப் பிடிக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பேன்.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இணையதளங்களை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும், வெளியாட்கள் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். மாற்ற வேண்டிய பக்கங்கள் எக்கச்சக்கம். இப்படி ஒரு வேலை வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வேலையைச் செய்யமாட்டோம், வேலையைக் குறைப்போம். ஒரு பட்டியல் போட்டு, எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே, ஏன் என்று எழுதுவோம். ‘வெளியே’ என்று எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தில் என்ன உடைந்திருந்தாலும் கணக்கில் வராது.

அந்தப் பட்டியலை ஒரே மத்தியானத்தில் நான் போட்டேன். முதலீட்டாளர்களுக்கான பக்கங்கள் வெளியே. பழைய அறிவிப்புகள் வெளியே. கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பிக்கிற பக்கத்துக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூட அதிகம்தான். காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி தட்டினேன். பார்வையற்றவர்கள் இந்தப் பக்கத்துக்கு வர வாய்ப்பில்லை. பக்கத்துக் கட்டத்தில் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது, பத்தொன்பது வயதில் போனது. ஏஜென்சி ஒன்றின் மூலம் ஆறு மாத ஒப்பந்தத்தில், எங்கள் பக்கங்களைச் சோதித்துச் சொல்வதற்காக எடுத்திருந்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்டை மட்டும் தட்டுவார். திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் அவருக்குப் படித்துச் சொல்லும். ஹெட்போனிலிருந்து கசிந்த அந்த வேகம் எனக்கு மிக்சியில் எதையோ போட்டு அரைக்கிற சத்தம் போலத்தான் கேட்டது. அவர் அதில் ஒரு வார்த்தையைக்கூட விடமாட்டார்.

மூன்றாம் நாள், ஒரு பட்டன் எதற்கென்று சொல்லாமல் கம்ப்யூட்டர் ‘பட்டன், பட்டன்’ என்றே கூவிக்கொண்டிருக்க, அவர் வாய்க்குள் முனகியது என் காதில் விழுந்தது. “சவம், வாயத் தொறந்து பேரச் சொல்லுதா பாரு.”

திருநெல்வேலியா என்று தமிழில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவருடைய வாப்பா காலத்திலேயே தாராவிக்கு வந்தவர்கள். அண்ணன்கள் இரண்டு பேர் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார்கள். பட்டறைக்கு மேலே இருந்த மச்சில் எல்லோரும் குடியிருந்தார்கள். அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா ஆனேன்.

அலுவலகத்தில் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் காட்டிய விதம்தான் சகிக்கவில்லை. கண் தெரியாதவரிடம் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்திக் கத்திப் பேசினார்கள். டீ கொண்டு வருபவர், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, “இவருக்குச் சர்க்கரை போடலாமா?” என்று இந்தியில் என்னைக் கேட்பார். நானும் பெரிய மனுஷி மாதிரி, போடலாம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான், தனக்குச் சர்க்கரை இல்லாத டீதான் பிடிக்கும் என்று அவர் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

விளம்பரப் பிரிவுக்காரர்கள் முகப்புப் பக்கத்தில் போட அவரைப் படம் எடுக்க வந்தார்கள். அவருடைய கண்கள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், கறுப்புக் கண்ணாடி போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பார்த்தால் பார்வையற்றவர் என்று தெரியவில்லையே என்று அவர்களுக்கு விசனம். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்து மாட்டிவிட்டார்கள். “நல்லா இருக்காக்கா?” என்று என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். படத்துக்கு என்ன விளக்கம் எழுதினார்கள் என்று அவருடைய கம்ப்யூட்டர்தான் அவருக்குப் படித்துச் சொன்னது. மகிழ்ச்சியான வாடிக்கையாளர். எங்கள் கம்பெனி பாலிசி அவரிடம் ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் மாதம் எங்கள் பிரிவில் ஒரு நிரந்தர இடம் வந்தது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, இது உங்களுக்கென்றே போட்ட இடம், வேறு யாருக்கும் இல்லை, ஆனால் விண்ணப்பம் மட்டும் இணையதளம் வழியாக வர வேண்டும், ஒரு வாரம் டைம் என்றார். அன்று அவர் டீ குடிக்கவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன்கள் தங்கமானவர்கள். ஆனால் மச்சில் உம்மாவும் அவரும் ஒரு ஓரத்தில், மதினிமார் முகத்தைக் குரலை வைத்தே படித்துக்கொண்டு கிடக்க வேண்டியிருந்தது. நிரந்தர வேலை என்று ஒரு கடுதாசி இருந்தால் வாடகைக்கு ஒரு அறை எடுக்கலாம். வடாலாவில் ஒன்று பார்த்து வைத்திருந்தார். உம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றார். விண்ணப்பத்தை முழுக்க நிரப்பிவிட்டார். கடைசியில், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள், கீழே பாலம் இருக்கிற படங்களையெல்லாம் தொடுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. படத்துக்குப் பதிலாக ஒலியைக் கேட்டுப் பதில் சொல்லும் வசதி அந்தக் கட்டத்தில் வைக்கப்படவில்லை. பத்துத் தடவை முயன்று பார்த்திருக்கிறார்.

“அவ்வளவுதானே, நான் ஒரு நிமிஷத்துல பண்ணித் தந்துடறேன்,” என்று எழுந்தேன்.

“வேண்டாங்க்கா,” என்றார். “இன்னிக்கு நீங்க படத்தத் தொட்டுக் குடுப்பீங்க. உள்ள வந்தப்பொறவு லீவு போட ஒரு பக்கம், சம்பளச் சீட்டுக்கு ஒரு பக்கம். எல்லாத்துக்கும் ஒங்க பின்னாலயே வந்து நிக்கவா? இதச் சரிபண்ணத்தானக்கா என்னயக் கூப்பிட்டீங்க?”

போய் உட்கார்ந்து அதை ஒரு பக்காகப் பதிவு செய்தார். தீவிரம் என்ற இடத்தில் முதல் நிலை என்று போட்டார். அந்த ஐந்து மாதத்தில் அவர் முதல் நிலை போட்டது அது ஒன்றுதான். முதல் நிலை பக் ஒன்று திறந்திருந்தால் சான்றிதழ் வராது. சான்றிதழ்க்காரர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார்கள்.

பிற்பகலில் திரும்பவும் வந்தார். அந்தப் பக்கம் ஏன் இதுவரை சோதனைக்கே வரவில்லை என்று தேடி, என் பட்டியலைத் திறந்து கேட்டிருக்கிறார். என் வரியை அவருக்குக் கம்ப்யூட்டர் படித்துச் சொல்லியிருக்கிறது, அதே மிக்சி வேகத்தில். என் பெயரையும் சேர்த்து.

“அந்தக் காரணம் எழுதுனது நீங்களாக்கா?”

“ஆமாம்.”

“அப்பம் ஒங்களுக்கு என்னயத் தெரியாதுல்லா,” என்றார். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார் என்று புரிந்தது. அவசரமாக அதைப் பிடித்துக்கொண்டேன். தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன்.

“இப்பம் தெரியும்லா,” என்றார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் இன்று அவர் மேல் பழியைப் போட வசதியாக இருந்திருக்கும். மெதுவாக, அந்தப் பக்கம்தான் வெளியே என்று முன்பே முடிவாகிவிட்டதே, நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லி மூடிவிடுங்கள், சான்றிதழ் வந்ததும் சாவகாசமாகப் பார்க்கலாம் என்றார். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது. ‘வெளியே’ என்பதை அழித்து ‘உள்ளே’ என்று தட்டினால் போதும், வேலை தானாக நடந்திருக்கும். சான்றிதழ் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். என் வேலைக்கு எந்த ஆபத்தும் வந்திருக்காது. பயந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயமில்லை. ஒரு வாரம் பத்துப் பேரோடு மல்லுக்கட்டச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

மூடினேன். எல்லைக்கு வெளியே, முன்பே ஒப்புக்கொண்டபடி என்று எழுதி மூடினேன். எவனோ ஒருவன் எழுதிய பக்கத்தில் ஒரு எழுத்து பிசகினால் குதிக்கிறவள், இதை டீ ஆறுவதற்குள் மூடிவிட்டுப் போனேன்.

பக் மூடப்பட்டால், அதைப் போட்டவருக்குத் தகவல் போகும். எதிர்வரிசையில் அவர் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றதை நான் பார்த்தேன். திரும்பி என் பக்கம் முகத்தை வைத்தார். பிறகு அடுத்த பக்கத்தைச் சோதிக்கத் தொடங்கினார். அந்த வாரம் இரண்டு தடவை போய், நான் போட்டுத் தருகிறேனே என்று கேட்டேன். இரண்டு தடவையும் வேண்டாம் மேடம் என்றார். அக்கா போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் உறுதியானது. கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அவர் வாயில் ஊட்டி அதையும் படம் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு விண்ணப்பத் தேதி முடிந்தது. அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று மேனேஜர் நிஜமாகவே வியந்தார். இவர்களுக்கெல்லாம் வாய்ப்புக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். பார்வையற்றோருக்காக இணையதளங்களை மாற்றுவது பற்றி மூன்று மாதப் படிப்பு படித்தவள். கெட்டிக்காரிதான், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒப்பந்தம் முடிந்து அவர் போனபோது ஹெட்போனை மேஜையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். கம்பெனியுடையது அல்ல, அவருடைய சொந்தச் சாமான். நாலு மாதம் அதை என் டிராயரில் வைத்திருந்தேன். கொண்டு போய்க் கொடுக்க ஒரு சனிக்கிழமை தாராவிக்குப் போனேன். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பத்திரண்டு வயதில் அன்றுதான் முதன்முதலாகத் தாராவிச் சந்து ஒன்றுக்குள் போனேன்.

பட்டறையில் தைத்து வந்த பைகளில் பிசிறு நூலைத் தடவிப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் எழுந்து ஸ்டூல் போட்டார். வடாலா அறை என்ன ஆனது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேலே மச்சில் அவருடைய உம்மா இருமுகிற சத்தம் கேட்டது. டீக்காரர் வந்து, “அக்காக்குச் சக்கர போடவா பாய்?” என்று அவரிடம் கேட்டார்.

“அவுகள்ட்டயே கேளுங்களேன்,” என்றார் அவர்.

ஹெட்போனைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்து, வயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. டீ பாதி குடித்த பிறகு மட்டும் கேட்டார்.

“அந்தப் பக்கம் சரியாச்சாக்கா?”

மறுபடியும் அக்கா என்றார். அந்தச் சொல்லை இழக்க மனமில்லை. அதனால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

“ஆயிடுத்து. போன மாசமே பண்ணிட்டா.”

அவர் தலையை ஆட்டினார். அடுத்த பையை எடுத்து, நூல் பிசிறைத் தேடி விரலை ஓட்டினார்.

“வாரா வாரம் ஜும்மா முடிஞ்சி வந்து அந்தப் பக்கத்த ஒரு தடவ போட்டுப் பாப்பேன் மேடம்,” என்றார். “நேத்தும் பாத்தேன்.”