ஐந்தாவது வீடு

உயர்தர வகுப்பில் நான் ஊடகக் கற்கை எடுத்திருந்தேன். அதில் ஒளிப்படம் ஒரு சிறு பகுதிதான். ஆனால் எங்கள் ரீச்சருக்கு அதில்தான் உயிர். வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு எங்களை மறித்து வைத்துப் படமெடுக்கப் பழக்குவார். பாடசாலையின் ஒரே கமராவும் ரீச்சரின் சொந்தக் கமராவும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தவணையில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சமூகப் பிரச்சினையைப் பற்றிப் படக்கட்டுரை செய்யச் சொன்னார். குப்பைமேடு, கசிப்புச் சாராயம், தெருவில் அலையும் கட்டாக்காலி நாய்கள் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நானும் என் சிநேகிதியும் பூட்டிய வீடுகளை எடுத்தோம். மானிப்பாயில் எங்கள் ரியூசனுக்குப் போகும் ஒழுங்கையில் மட்டும் அப்படி ஐந்து வீடுகள் இருந்தன. எல்லாருமே வெளிநாடு போய்விட்டவர்கள்.

ரீச்சர் இரண்டு கட்டளைகள் போட்டார். ஆறு கிழமை, வாரம் ஒரு தரம், ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது ஒன்று.

"மற்றது, ஒரு இலையைக்கூடத் தட்டி விடக்கூடாது. இருக்கிறதைத்தான் எடுக்கோணும். சோடிச்சு எடுத்தால் அது பொய்."

ஒவ்வொரு வீட்டுக்கும் எதிர் மதிலில் வெண்கட்டியால் கோடு போட்டு, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அதில் முதுகை வைத்து நின்று எடுத்தோம். நாலு கிழமை ஒரு குறையும் இல்லாமல் போனது.

நாலாவது கிழமை முடிந்து, படங்களைப் பாடசாலைக் கணினியில் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். முதல் நாலு வீடுகளிலும் கிழமைக்குக் கிழமை சருகு ஏறிக்கொண்டே போனது. ஒரு வீட்டின் விறாந்தைப் படியே மூடுண்டுவிட்டது. ஐந்தாவது, நீல யன்னல் வைத்த மேல்மாடி வீடு. அதன் முற்றத்தில் பெரிய மாமரம் ஒன்று நிற்கிறது. ஆனால் நிலத்தில் ஒரு சருகு இல்லை.

சிநேகிதிதான் படத்தைப் பெருப்பித்தாள். கேற்றின் கம்பிகளுக்கு ஊடாகத் தெரிந்த மணலில், விளக்குமாற்றுக் கோடுகள் வில்லு வில்லாக விழுந்திருந்தன.

"ஆரோ கூட்டியிருக்கினம்," என்றேன்.

"இஞ்சை பாரடி," என்று மெதுவாகச் சொன்னாள். "கூட்டின தடம் இருக்கு. கால் தடம் எங்கை?"

தேடினோம். நாலு படங்களிலும் தேடினோம். ஒரு பாதம்கூட இல்லை. இரண்டாவது படத்தில் விறாந்தைக் கதிரை வீதியைப் பார்த்தபடி இருந்தது. மூன்றாவதில் சுவரைப் பார்த்தபடி இருந்தது. கேற்றில் தொங்கிய ஆமைப்பூட்டு துருப்பிடித்து, சிலந்தி வலையோடு அப்படியே கிடந்தது. வெளியே நல்ல வெயில். இருவரும் எழும்பிப் போய் அதில் நின்றோம்.

அந்த வீட்டுப் பூட்டின் திறப்பு ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்த அண்ணையிடம்தான் இருந்தது. போய்க் கேட்டோம். சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நான் வருசத்திலை ரெண்டு தரம்தான் திறக்கிறனான். உங்கை ஒருத்தரும் இல்லை, பிள்ளையள்."

"அப்ப ஆர் அண்ணை கூட்டுறது?"

"காத்துக் கூட்டியிருக்கும்," என்றார். பிறகு எங்களைப் பார்க்காமலே, "அந்தப் படங்களை அழிச்சுப்போடுங்கோ," என்றார்.

நான் அழிக்கவில்லை. அன்றைக்கு இரவே நாலு படங்களையும் சேர்த்து, 'ஐந்தாவது வீடு: ஆளில்லாத வீட்டை ஆர் கூட்டுறது?' என்று எழுதி, வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டேன். யாரோ அதை எடுத்துப் பேஸ்புக்கில் 'பேய்வீடு' என்று போட்டுவிட்டார்கள். எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சிநேகிதி வரவில்லை. "எனக்கு ஏலாது, நீ போ," என்று தகவல் அனுப்பியிருந்தாள். நான் தனியே போனேன். ஐந்தாவது வீட்டுக்கு முன்னால் கோட்டில் முதுகை வைத்து, கமராவைக் கண்ணில் வைத்தேன். மேல்மாடி யன்னல் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சாத்துப்பட்டது. சாத்திய விரல்கள் நாலும் தெரிந்தன. என்னை அறியாமல் என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

ஓடத்தான் நினைத்தேன். கமராவைப் பைக்குள் திணித்தேன். அதற்குள் கேற்றுக்குப் பக்கத்து மதிலின் மறுபக்கமிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"பிள்ளை, நீர் எடுக்கிற படத்திலை நான் விழுகிறனோ?"

"ஓம்," என்றேன். "கை மட்டும்."

"என்னை அடையாளம் பிடிக்க என்ரை மனுசனுக்கு அந்தக் கையே காணும்."

அவரை நான் காணவே இல்லை. மதிலோடு சேர்ந்து நின்று கதை கேட்டேன். கொடிகாமத்தில் கலியாணம் முடித்தவர். கடைக்கார அண்ணையின் தங்கச்சி.

"ரெண்டு தரம் விட்டிட்டு வந்தனான். ரெண்டு தரமும் பெரியாக்கள் சமாதானம் கதைச்சுத் திருப்பி அனுப்பினவை. மூண்டாம் தரம் போனால் என்னை உயிரோடை விடான். வீட்டுக்காரருக்கு நான் இஞ்சை இருக்கிறது தெரியாது. அண்ணைதான் பின்பக்கத்தாலை விட்டவர்."

"ஏன் அக்கா முத்தம் கூட்டினனீங்கள்? அதாலைதானே எங்களுக்குத் தெரிஞ்சது."

"நாள் முழுக்க இருட்டுக்குள்ளை இருக்கிறன், பிள்ளை. விடியப்புறம் கூட்டுற அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் மனுசி. கால் தடம் விழாமல் பின்னாலை பின்னாலை நடந்து கூட்டுவன். அது போதும் எண்டு நினைச்சிட்டன்."

ஸ்ரேற்றஸில் போட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. வாசலிலேயே கைப் படத்தை அழித்தேன். அது மட்டும்தான் என் கையில் மிச்சமிருந்தது. மற்றவை யார் யாருடைய கையிலோ இருந்தன.

மறுநாள் மாலை மோட்டார் சைக்கிள்களில் பெடியள் வந்தார்கள். கேற்றில் ஏறி நின்று போனில் படம் பிடித்தார்கள். கூரையில் கல் விழுந்து ஓடு உடைந்ததாம். திங்கட்கிழமை கடைக்குப் போய், எல்லாவற்றையும் அண்ணையிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கடைக் கதவில் பாதியை இழுத்துச் சாத்தினார்.

"நீங்கள் போங்கோ, பிள்ளை," என்றார். அவ்வளவுதான்.

ஆறாவது கிழமை முற்றம் நிறையச் சருகு கிடந்தது. நான் அதைப் படமெடுக்கவில்லை.

ரீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். "நாலு வீடு காணும்," என்று மட்டும் சொல்லி, ஐந்தாவது வீட்டுப் படங்களைத் தன் கையாலேயே கணினியிலிருந்து அகற்றினார்.

தவணை முடிவில் மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். பெற்றோரும் அயலவரும் வந்தார்கள். பின்னேரம் சனம் குறைந்த நேரத்தில், வெள்ளைச் சேட்டும் நெற்றியில் திருநீறுமாக ஒருவர் எங்கள் படங்களுக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அன்பாகச் சிரித்தார்.

"வடிவாய் எடுத்திருக்கிறியள், தங்கச்சி. ஐஞ்சாவது வீடு எங்கை?"

"நாலு வீடுதான் எடுத்தனாங்கள்," என்றேன்.

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். என்னுடைய நாலு படங்கள். என்னுடைய எழுத்து. மணலில் இருந்த கோடுகளின் மேல் சுட்டுவிரலை வைத்து, ஒவ்வொரு வில்லாக மெல்ல வளைத்துக் காட்டினார்.

"இடப்பக்கம் தொடங்கி இப்பிடி வளைச்சு வளைச்சு. கடைசியிலை ஒரு சின்ன இழுப்பு. பதினொரு வருசம் என்ரை முத்தம் இப்பிடித்தான் கூட்டுப்பட்டது, தங்கச்சி. கையெழுத்து மாதிரி. எனக்குப் பிழைக்காது."

அவர் குரலில் கோபமே இல்லை. என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே சொன்னேன்.

"அது நான் கூட்டினது. படம் வடிவாய் வரோணும் எண்டு."

"நீரோ?"

"ஓம்."

"பூட்டின கேற்றுக்குள்ளை எப்பிடிப் போனனீர்?"

பின்னால் வந்து நின்ற ரீச்சர் என் தோளில் கை வைத்தார்.

"நான்தான் மதிலாலை ஏத்தி விட்டனான்," என்றார். "சருகுக்குள்ளை வீடு எடுபடேல்லை. கூட்டிப்போட்டு எடுக்கச் சொன்னதும் நான்தான். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வளவுக்குள்ளை போனது பிழை எண்டுதான் அந்தப் படங்களை இஞ்சை வைக்கேல்லை."

அவர் ரீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். பிறகு போனைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் பாடசாலைக் கேற்றைத் தாண்டும்வரை ரீச்சரின் கை என் தோளில் இருந்தது.

அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், தையல் வேலை செய்வதாகவும் கடைக்கார அண்ணை பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் சொன்னார். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் சிநேகிதிக்கும் இடையில் முன்னைப்போலக் கதை பேச்சு இல்லை. படக்கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

பரீட்சைக்குக் கொஞ்ச நாளுக்கு முன், மத்தியானம், மானிப்பாய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அதே வெள்ளைச் சேட்டு. அதே திருநீறு. கொடிகாமத்துக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"படிப்பு எப்பிடிப் போகுது, தங்கச்சி?"

"நல்லாய்ப் போகுது," என்றேன்.

"அது நல்லது," என்று தலையசைத்தார். கொதிக்கிற வெயில். பஸ் வரும்வரை அந்தச் சின்னத் தகரக் கூரையின் நிழலில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.