அக்காவின் ஏழரை

பிஎச் மீட்டரின் மின்முனையை அக்கா துடைப்பதில்லை, ஒற்றி எடுப்பார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் தொடுவதுபோல மெல்லிய தாளால் ஈரத்தை வாங்கிக்கொண்டு, பிறகுதான் கரைசலில் இறக்குவார். மீட்டரில் எண் ஓடி, தயங்கி, நிற்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். "கூட ஊத்திட்டு, காரத்தை விட்டு இழுத்தா அப்புறம் அது பஃபர் இல்ல, பஞ்சாயத்து" என்பார்.

கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் தன் பிஎச் அளவை, அதாவது அமில-கார நிலையை, எளிதில் விட்டுக்கொடுக்காத கரைசல்தான் பஃபர். அக்கா புரதங்களைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியாளர். தனக்குக் கலக்கும்போது ஆய்வகத்துக்கே சேர்த்துக் கலந்துவிடுவார். அடுத்தவர் கலக்கியதை நம்ப மாட்டார் என்பதுதான் உண்மைக் காரணம். எல்லாரும் கேட்பது பெரும்பாலும் பிஎச் ஏழரை. அதனால் "அக்காவுக்கு ஏழரை நடக்குது, கிட்ட போகாதீங்க" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு கேலி உண்டு. அது அக்காவின் காதுக்கும் எட்டியிருக்கிறது. "ஏழரை என் கையில இருக்கு. நான் அது கையில இல்ல" என்று சிரிப்பார். வீட்டிலும் இதே கறார்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார் கணவர்.

அந்த நம்பிக்கையில்தான் மீன்காரர் கை வைத்தார். பனிக்கடல் மீனின் குடலிலிருந்து எடுத்த நொதியை ஆராய்பவர் என்பதால் அந்தப் பெயர். குளிரிலேயே வாழும் மீனின் நொதி, குளிரில் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். குளிர் அறையில் வைத்துச் சோதித்தால் அதுவோ படுத்துக்கொண்டது. இந்த மாதமும் பலன் தெரியாவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்று ஆய்வகத் தலைவர் சொல்லியாயிற்று. தவித்துப்போன மீன்காரர், பஃபரில்தான் கோளாறு என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, வழக்கம்போல் சில்லிப்பு போகும்வரை மேசையில் வைத்திருந்து அளந்தார். ஏழரை. மறுநாளும் மீன்காரர் கொண்டுவந்தார், மறுநாளும் ஏழரை.

"என் பாட்டில்ல குறை இல்ல சார். உங்க மீனைக் கேளுங்க."

மூன்றாம் முறை மீன்காரர் வந்தபோது அக்கா மகளின் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். வியர்த்துக்கொண்டிருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, உடனே மின்முனையை இறக்கினார். எண் எட்டைத் தாண்டி நின்றது. கரைசல் சூடேற ஏற, மெல்ல இறங்கத் தொடங்கியது. அக்கா தோளிலிருந்த பையைக் கழற்றி வைத்துவிட்டு, கணவரைப் போனில் கூப்பிட்டுப் பள்ளிக்குப் போகச் சொன்னார்.

அவர் கலக்கிய வகை பஃபர், குளிர்ந்தால் பிஎச் ஏறும். "பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவ நான்" என்று தலையில் தட்டிக்கொண்டார். மேசையில் ஏழரையாக இருந்தது குளிர் அறைக்குள் எட்டைத் தாண்டி, நொதியை முடக்கியிருக்கிறது. மீட்டரையும் அதைச் சரிபார்க்கும் கரைசல்களையும் குளிர் அறைக்கே தூக்கிப்போனார். எல்லாம் குளிரும்வரை காத்திருந்து, மீட்டரைத் திருத்தி, அங்கேயே பஃபரை ஏழரைக்குக் கொண்டுவந்தார். பல் தந்தியடித்தது, சொட்டு தவறவில்லை. அன்று சாயங்காலமே மீன்காரரின் நொதி விழித்துக்கொண்டது.

மறுநாள் கூட்டத்தில், இத்தனை நாள் என்னதான் கோளாறு என்று கேட்டார் தலைவர். மீன்காரர் பூசி மெழுகப் பார்த்தார். அக்கா எழுந்தார்.

"கோளாறு என் பஃபர்லதான் சார். இங்க சரி, அங்க தப்பு. அங்க போய் அளந்திருக்கணும், அளக்கல. இவர் சொன்னதுதான் சரி."

மீட்டரில் எண்ணைப் படித்துச் சொல்லும் அதே குரல். மீன்காரர்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஆராய்ச்சி தொடரட்டும் என்று அறிவித்த தலைவர், அக்காவின் நேர்மையைப் பற்றி நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அக்கா, கணவரின் கம்பளிச் சட்டையை வெள்ளைக் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு, மீட்டரைக் கக்கத்தில் இடுக்கி, குளிர் அறையின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.